பச்சைக் காயும் பக்கத்துக் கிண்ணமும்

சமையற்கலையில் உலகத்துக்கே ஆசான்கள் என்று பெயர் வாங்கிய பிரெஞ்சுக்காரர்கள், விருந்தாளி வந்து அமர்ந்தவுடன் கொண்டுவந்து வைக்கும் பதார்த்தங்களுள், அடுப்பின் முகத்தையே பார்த்தறியாத ஒன்றும் உண்டு என்று சொன்னால் நம்மில் பலர் நம்பமாட்டார்கள். மண் போகக் கழுவி, குருத்திலை இரண்டை மட்டும் விட்டு மற்றவற்றைக் கிள்ளியெறிந்த சிறு சிவப்பு முள்ளங்கிகள் ஒரு தட்டில். அதன் அருகே ஒரு சிறு கிண்ணத்தில் இளகிய வெண்ணெய். மற்றொன்றில் பரல் பரலான கடலுப்பு. கூடவே ரொட்டித் துண்டுகள் சில. அவ்வளவுதான். காம்பைப் பிடித்து முள்ளங்கியை எடுத்து, நுனியை வெண்ணெயில் தோய்த்து, உப்பில் லேசாக ஒற்றி, நறுக்கென்று கடித்துத் தின்ன வேண்டியது. பின்னால் வரப்போகும் சூப்புக்கும் இறைச்சிக்கும் வயிற்றைத் தயார்செய்யும் முன்னுரையாக இதை அவர்கள் கருதுகிறார்கள்.

இந்தச் சின்ன விஷயத்தைப் பற்றி எழுதுவதற்கு, பாரிஸில் அல்லாமல் பர்மாவில், அதிலும் யாங்கோன் மாநகரின் மிங்கலா தாங்ஞுன்ட் வட்டாரத்தில் உட்கார்ந்திருப்பது பொருத்தந்தானா என்று வாசகர் கேட்கக்கூடும். முற்றிலும் பொருத்தம் என்பதே என் அபிப்பிராயம். ஏனென்றால், பச்சைக் காயைச் சோற்றுக்கு முன்னும் சோற்றோடும் கையால் எடுத்துத் தோய்த்துத் தின்னும் வழக்கத்தை, பிரெஞ்சுக்காரர்கள் ஒரு தட்டளவில் வைத்திருக்கிறார்கள் என்றால், பர்மியர்கள் அதைத் தங்கள் அன்றாட ஆகாரத்தின் அஸ்திவாரமாகவே வைத்திருக்கிறார்கள். நடுவே இருக்கும் கிண்ணத்தில் என்ன இருக்கிறது என்பதுதான் வித்தியாசம். அந்த வித்தியாசத்தைக் கிளறிப் பார்த்தால் இரண்டு தேசங்களின் பூமியும், சீதோஷ்ணமும், கால்நடையும், கடலும் அதிலே தெரியவரும்.

முதலில் முள்ளங்கியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நமக்குத் தெரிந்த முள்ளங்கி முழ நீளத்து வெள்ளைக் கிழங்கு. சாம்பாருக்கும் பொரியலுக்கும் ஆகிறது. அதை வேகவைக்கும்போது கிளம்பும் வாசனையை உத்தேசித்து, ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டுத்தான் சில வீடுகளில் அதை அடுப்பில் ஏற்றுவார்கள். பிரெஞ்சு முள்ளங்கியோ கட்டைவிரல் அளவுதான். மேலே சிவப்பும் நுனியிலே வெள்ளையுமாக இருக்கும். விதைத்துச் சரியாகப் பதினெட்டு நாளில் பிடுங்கிவிடலாம் என்று அங்கே ஒரு ரகத்துக்குப் 'பதினெட்டு நாள் முள்ளங்கி' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். வானம் ஒத்துழைத்தால் அல்லவா கணக்குச் சரியாகும் என்று நம் விவசாயி சிரிப்பார். ஆங்கிலேய விதை வியாபாரிகள் இதே ஜாதிக்குப் 'பிரெஞ்சுக் காலையுணவு' என்று பெயர் சூட்டிப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்தே விற்றுவருகிறார்கள். உண்மையில் பிரெஞ்சுக்காரர் காலையில் காபியும் ரொட்டியும் தவிர வேறெதையும் பெரும்பாலும் தொடுவதில்லை; முள்ளங்கி அவர்களுக்கு மத்தியான போஜனத்தின் தொடக்கத்துக்கு உரியது.

முள்ளங்கியின் காரம் மிளகாயின் காரத்தைப் போன்றதன்று. அந்தக் கிழங்கின் நுண்ணறைகளில் கந்தகம் கலந்த சத்து ஒன்று ஓரிடத்திலும், மைரோசினேஸ் என்னும் நொதி வேறோரிடத்திலும் தனித்தனியே பத்திரமாக இருக்கின்றன. நாம் கடித்து மெல்லும்போது அறைகள் உடைந்து இரண்டும் சந்திக்க, அந்தச் சந்திப்பில்தான் மூக்கில் ஏறும் காரம் பிறக்கிறது. புழு பூச்சிகளைத் துரத்துவதற்காகச் செடி செய்துகொண்ட தற்காப்பு ஏற்பாடு இது. கடுகும் இதே குடும்பம், இதே யுக்தி. காரத்தைத் தரும் அந்தப் பொருள் தண்ணீரைவிடக் கொழுப்பிலே எளிதாகக் கரையும் தன்மையுடையதாகையால், நாக்கின்மேல் வெண்ணெய் ஒரு மெல்லிய பூச்சாகப் படிந்திருக்கும்போது காரம் முரட்டுத்தனம் இழந்து வாசனையாக மட்டும் எஞ்சி நிற்கிறது. முள்ளங்கியின் நீரும் குளிர்ச்சியும் மறுபுறத்தில் வெண்ணெயின் திகட்டலை வெட்டுகின்றன. உப்பு இரண்டையும் இணைத்து வைக்கிறது. பாட்டன் பாட்டி காலத்து நாக்குகள் கண்டுபிடித்துவைத்த சேர்க்கைக்கு ரசாயன சாஸ்திரம் பின்னால் வந்து சாட்சிக் கையெழுத்துப் போட்டிருக்கிறது, அவ்வளவே.

வெண்ணெய் விஷயத்தில் பிரெஞ்சுக்காரர்களின் அபிமானம் சாதாரணமானதன்று. நூற்றுக்கு 82 பங்கு கொழுப்பு இருந்தால்தான் அங்கே அது வெண்ணெய். நார்மண்டியில் இசினி என்ற ஊரின் வெண்ணெயும், மேற்கே ஷராந்த், புவாத்து பிரதேசங்களின் வெண்ணெயும், நம் நாட்டில் திருநெல்வேலி அல்வாவுக்கும் பழனிப் பஞ்சாமிர்தத்துக்கும் இருப்பதுபோன்ற தலப்பெருமை உடையவை. அந்தப் பெருமைக்குச் சட்டப் பாதுகாப்பும் உண்டு. பிரித்தானி மாகாணத்தார் மட்டும் உப்புக் கலந்த வெண்ணெயைத்தான் வெண்ணெய் என்று ஒப்புக்கொள்வார்கள். அதற்கு ஒரு சரித்திரக் காரணம் இருக்கிறது. பிரெஞ்சு மன்னர்கள் 'காபெல்' என்ற பெயரால் உப்பின்மீது கொடுமையான வரி விதித்து வந்த காலத்தில், பல பிரதேசங்களில் உப்பு பொன்னாக இருந்தபோது, பிரித்தானி முதலிய சில மாகாணங்களுக்கு அவ்வரியிலிருந்து விலக்கு இருந்தது. கெராந்து உப்பளங்களோ அவர்கள் வீட்டு வாசலிலேயே இருந்தன. ஆகவே அவர்கள் தாராளமாக உப்பிட்டு வெண்ணெயைக் கெடாமல் வைத்தார்கள். புரட்சிக்குப் பிறகு 1790-இல் அந்த வரி ஒழிந்தது. பிரித்தானியின் நாக்கு மாறவில்லை. உப்பு வரியை எதிர்த்துக் கடற்கரைக்கு நடந்த ஒரு தேசத்தைச் சேர்ந்தவர்களுக்கு இந்தக் கதையை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை.

இனி மிங்கலா தாங்ஞுன்டுக்கு வருவோம். யாங்கோனின் மத்திய ரயில் நிலையம், கண்டோஜி ஏரியின் தென்கரை, 1906-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட மிருகக்காட்சி சாலை, ஆங் ஸான் விளையாட்டரங்கு, பெரிய மிங்கலா சந்தை எல்லாம் அடங்கிய வட்டாரம் இது. இந்திய வம்சாவளியினர் நெடுங்காலமாக வாழ்ந்துவரும் பகுதிகளுள் ஒன்று. 1931-ஆம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்கின்படி, அப்போது ரங்கூன் எனப்பட்ட இந்நகரில் இருந்த சுமார் நான்கு லட்சம் பேரில் பாதிக்குமேல் இந்தியர். அவர்களில் தமிழரும் பெருந்தொகையினர். 1942-இல் யுத்தம் துரத்தியவர்கள் போக, 1960-களில் தேசியமயமாக்கல் துரத்தியவர்கள் போக, எஞ்சியவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்றும் இங்கே இருக்கிறார்கள். அவர்கள் வீட்டில் சாம்பார் கொதிக்கும். பக்கத்து வீட்டில் பர்மிய மீன்குழம்பு கொதிக்கும். இரண்டு வீட்டுக் குழந்தைகளும் இரண்டையும் சாப்பிடுவார்கள்.

மத்திய ரயில் நிலையம் 1877-இல் முதன்முதல் கட்டப்பட்டு, யுத்தத்தில் அழிந்து, சித்து ஊ தின் என்ற பர்மியச் சிற்பியின் திட்டப்படி பர்மியக் கோபுரங்களுடன் 1954-இல் மறுபடி எழுந்தது. நகரைச் சுற்றி ஏறத்தாழ 46 கிலோமீட்டர் ஓடும் வட்ட ரயிலுக்கு இதுவே தலைமை ஸ்தானம். அந்த ரயிலில் ஒரு முறை முழுச் சுற்றுப் போய்வருவது காய்கறி சாஸ்திரத்தில் ஒரு பாடம் படிப்பதற்குச் சமானம். வடக்கே டன்யிங்கோன் நிலையத்தில் தண்டவாளத்தை ஒட்டியே விரிந்து கிடக்கும் சந்தையிலிருந்து, கீரைக்கட்டுகளையும் பயற்றங்காய்க் கட்டுகளையும் மூட்டை மூட்டையாக ஏற்றிக்கொண்டு பெண்கள் ஏறுவார்கள். சிலர் பெட்டிக்குள்ளேயே கால் நீட்டி அமர்ந்து கட்டுகளைப் பிரித்துச் சிறு முடிகளாகக் கட்டிக்கொண்டு வருவார்கள். கோஸ், காரட், பூக்கோஸ் முதலிய குளிர்ப்பிரதேசக் காய்கள் ஷான் மலையிலிருந்து, ஆங்பான், கலா, ஹேஹோ பக்கங்களிலிருந்து, லாரிகளில் இறங்குகின்றன.

இவையெல்லாம் எங்கே போகின்றன என்றால், பெரும்பகுதி 'தொஸயா' ஆகின்றன. தோய்த்துத் தின்பதற்கான காய்களும் இலைகளும் அடங்கிய தட்டுக்குப் பர்மியர் வழங்கும் பெயர் அது. வெள்ளரி, பயற்றங்காய், சிறகவரை, கோஸ், சின்னக் கத்தரிப்பிஞ்சு, மாங்காய், வல்லாரைக் கீரை ஆகியவை பச்சையாகவே வரும். வெண்டை, மூங்கிற் குருத்து, வேப்பங்கொழுந்து போன்றவை ஒரு கொதி காட்டிய பிறகு வரும். டன்யின் என்றொரு கொட்டை, நாற்றத்தாலும் ருசியாலும் பிரசித்தி பெற்றது; பச்சையாக அளவுமீறித் தின்றால் சிறுநீரகத்துக்கு ஆகாது என்பதால் அதை வேகவைத்தோ சுட்டோ உண்பார்கள். நம் ஊரில் ஞாபகசக்திக்காக லேகியத்திலும், பித்தத்துக்காகத் துவையலிலும் பிரவேசிக்கும் வல்லாரை, இங்கே எவ்வித வைத்திய பாவனையும் இல்லாமல், வெறும் ருசிக்காகக் கட்டுக் கட்டாகத் தின்னப்படுவதைப் பார்க்கும் தமிழர், மருந்தாக மட்டும் அறிந்த ஒன்றை உணவாகக் காணும் ஆச்சரியத்தை அடைகிறார்.

நடுக் கிண்ணத்தில் இருப்பது 'ஙப்பி யே'. மீனையோ கூனிறாலையோ உப்பிட்டு, இடித்து, வெயில் காட்டி, மாதக்கணக்கில் பக்குவப்படுத்திய விழுது ஙப்பி. அதைத் தண்ணீரில் கொதிக்கவைத்து, முள்ளும் சக்கையும் போக வடித்து, நசுக்கிய பூண்டும், சுட்ட மிளகாயும், இறாற்பொடியும், எலுமிச்சைச் சாறும் சேர்த்தால் ஙப்பி யே. பர்மியச் சோற்றுக்கடையில் நீங்கள் ஒரே ஒரு கறிதான் வாங்கினாலும், சூப்பும், தொஸயாத் தட்டும், இந்தக் கிண்ணமும் கேளாமலே உங்கள் முன் வந்துவிடும். பெரும்பாலும் அதற்குத் தனி விலை கிடையாது. வீட்டிலோ, வட்டமான தாழ்ந்த மேசையின் நடுவே தட்டை வைத்துச் சுற்றி அமர்ந்து, எல்லோரும் ஒரே கிண்ணத்தில் தோய்ப்பார்கள். பிரெஞ்சுக்காரர் ஒவ்வொரு பதார்த்தமாக வரிசைப்படுத்தி, ஒன்று முடிந்த பிறகே அடுத்ததைக் கொண்டுவருகிறவர். பர்மியருக்கு அந்த வரிசை கிடையாது. எல்லாம் ஒரே சமயத்தில் மேசைக்கு வந்துவிட, ஒரு கவளம் சோறு, ஒரு துண்டு மீன், ஒரு கடி வெள்ளரி என்று மாறிமாறிச் செல்வதே போஜனம்.

ஙப்பியின் வாசனையைப் பற்றி ஆங்கிலேய ஆட்சிக் காலத்து ஆசிரியர்கள் எழுதாத ஏளனம் இல்லை. ஷ்வே யோ என்ற பர்மியப் புனைபெயரில் 1882-இல் பர்மியர் வாழ்க்கையைப் பற்றிப் பெரிய நூல் எழுதிய ஜார்ஜ் ஸ்காட், ஙப்பிக்குத் தம் நூலில் இடம் ஒதுக்கத் தவறவில்லை. அவரைப்போல் பரிவோடு பார்த்தவர்கள் குறைவு. மூக்கைப் பிடித்துக்கொண்ட அந்த ஐரோப்பியர்களுக்கு நான் ஒன்று ஞாபகப்படுத்த விரும்புவேன். பிரான்ஸின் தெற்கே, மத்தியதரைக் கடலோரத்துப் புரோவான்ஸ் பிரதேசத்தில், பச்சைக் காய்களுக்குப் பக்கத்தில் வெண்ணெய் இருக்காது. அங்கே இருப்பது 'ஆன்ஷுவாயாத்'. நெத்திலி ஜாதி மீனை மாதக்கணக்கில் உப்பில் ஊறவைத்து, அதைப் பூண்டோடும் ஆலிவ் எண்ணெயோடும் அரைத்த விழுது அது. முள்ளங்கியையும், காரட்டையும், பூக்கோஸையும் அதிலே தோய்த்துத் தின்கிறார்கள். மலையைத் தாண்டி இத்தாலியின் பியத்மாந்த் பிரதேசத்துக்குப் போனால், அதே நெத்திலியும் பூண்டும் எண்ணெயும் சூடாக ஒரு மண்சட்டியில், கீழே தணல் வைத்து, குடும்பத்தின் நடுவே வைக்கப்பட, எல்லோரும் ஒரே சட்டியில் காயைத் தோய்க்கிறார்கள். 'பாஞ்ஞா காவுதா' என்பது அதன் பெயர். மீனை உப்பில் புளிக்கவைத்து வடித்த 'காரும்' என்ற ரசம் இல்லாமல் பண்டைய ரோமாபுரியின் சமையலறை நடந்ததில்லை. ஆக, ஙப்பி யேயை நாகரிகமற்றது என்று சொன்னவர்களின் சொந்தப் பாட்டனார்களும் அதே காரியத்தைத்தான் செய்திருக்கிறார்கள். ஆலிவ் எண்ணெய் அதன் மீது ஒரு கௌரவப் போர்வையைப் போர்த்தியிருக்கிறது.

பிரான்ஸுக்குள்ளேயே வடக்கு வெண்ணெய், தெற்கு மீன் என்று ஏன் பிரிந்தது? புல் வளரும் ஈரமான குளிர்ந்த நாட்டில் பசு கொழிக்கும்; வெண்ணெய் உருகாமல் நிற்கும். வறண்ட, வெயில் காயும் கடலோரத்தில் பசுவுக்குப் புல் இல்லை. ஆலிவும் மீனும் உண்டு. இதே கணக்கை ஐராவதியின் கழிமுகத்தில் போட்டுப் பாருங்கள். ஆறும், ஓடையும், மழைக்காலத்து வயல்வெளியும் மீனால் நிறைந்த நாடு, கடலோரத்தில் உப்பு. மாடு இருந்தது, ஆனால் அது உழவுக்கு. கன்றுக்குரிய பாலைக் கறந்து குடிக்கும் வழக்கம் பழைய பர்மியரிடையே அதிகம் இல்லை; உழைக்கும் மாட்டிடம் அவர்களுக்கு இருந்த நன்றியுணர்வு எத்தகையது என்பதற்கு, மாட்டிறைச்சி உண்ணலாகாது என்று லெடி ஸயாதோ என்ற புகழ்பெற்ற பௌத்தத் துறவி 1880-களில் எழுதிப் பரப்பிய நிருபமே சாட்சி. ரங்கூனில் பால் வியாபாரம் பெரும்பாலும் இந்தியர் கையில் இருந்ததற்கும் இதுதான் காரணம். பர்மியக் கிண்ணத்தில் வெண்ணெய் வராமற் போனது ருசிக் குறைவால் அன்று, கறவை இல்லாததால்.

இப்போது நம்மைப் பற்றி. நமக்கோ பசுவும் உண்டு, வெண்ணெயும் உண்டு. கண்ணனே வெண்ணெய் திருடியவன். இருந்தும் வெண்ணெயைத் தமிழர் உணவாக நிலைநிறுத்தவில்லை. அடை வார்த்தால் ஓர் உருண்டை, குழந்தைக்கு ஓர் உருண்டை, மற்றதெல்லாம் உருக்கி நெய். முப்பது பாகை வெயிலைத் தாண்டினாலே உருகத் தொடங்கி, முப்பத்தைந்துக்குள் எண்ணெயாக ஓடிவிடும் ஒரு பொருளை நம் நாட்டில் எப்படி மேசைமீது வைப்பது? நீரை ஓட்டிவிட்டால் கெடாது என்று கண்டு நெய்யாக்கினார்கள், புத்திசாலித்தனம். பச்சைக் காய் விஷயமும் அப்படியே. பழைய சோற்றுக்குச் சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும், ராமநவமிக்கு வெள்ளரியும் ஊறிய பயற்றம்பருப்பும் சேர்ந்த கோசுமல்லி, ரயிலடியில் பிளந்து மிளகாய்ப்பொடி தூவிய வெள்ளரிப்பிஞ்சு, பள்ளிக்கூட வாசலில் மாங்காய்ப் பத்தை என்று நாமும் பச்சையாகத் தின்கிறவர்களே. ஆனால் அவையெல்லாம் வயற்காட்டுக்கும், கோயிலுக்கும், தெருவுக்கும் உரியவை. விருந்து இலையில் அவற்றுக்கு அதிகமாக உட்கார இடம் கொடுக்கவில்லை. தயிர்ப்பச்சடிபோல் ஒன்றிரண்டுதான் இடம் பிடித்தன.

பர்மாத் தமிழரிடம் இந்தத் தயக்கம் உடைந்துபோனதைக் காண்கிறேன். சென்னையில் பர்மா பஜாரை ஒட்டிய தெருவோரங்களில் மாலை நேரத்தில் விற்கும் அத்தோவைத் தின்றவர்களுக்குத் தெரியும்: மஞ்சள் நிற நூடுல்ஸின்மேல் பொடியாக அரிந்த பச்சைக் கோஸும், பச்சை வெங்காயமும் வாரிப் போட்டு, பொரித்த பூண்டும், புளிச்சாறும், மிளகாய்ப்பொடியும் சேர்த்துக் கையால் பிசைந்து கொடுப்பார்கள், தொட்டுக்கொள்ள வாழைத்தண்டு சூப்பு. கோஸைப் பச்சையாகவா என்று முகம் சுளித்த சென்னைவாசிகள் இன்று வரிசையில் நிற்கிறார்கள். பர்மாவிலிருந்து கப்பலில் வெறுங்கையோடு திரும்பியவர்கள் கொண்டுவந்த சொத்துக்களில் இந்த ருசி ஒன்று.

ஆகவே யாங்கோனில் வாழும் தமிழர் இல்லத்தில், விருந்தாளி வந்தால் பச்சைக் காய்த் தட்டை முன்வைப்பதற்கு யாரும் புதிதாக ஒன்றும் கற்க வேண்டியதில்லை. பிரெஞ்சு முறையை இவ்வூர்ச் சீதோஷ்ணத்துக்கு இசைவாகச் சற்றே மாற்றிக்கொண்டால் போதும். சிவப்புச் சிறு முள்ளங்கி எப்போதும் கிடைக்காது. 'மொன்லா ஊ' என்று பர்மியர் அழைக்கும் வெள்ளை முள்ளங்கியே கைக்கு எட்டும். அதிலே இளசாக, விரலால் தட்டினால் கணீரென்று ஒலிப்பதாக, கனமானதாகப் பார்த்து எடுக்க வேண்டும். கனமில்லாதது உள்ளே நெட்டிபோல் பஞ்சடைந்திருக்கும். பர்மியர் இதைப் பெரும்பாலும் ஊறுகாயாகப் புளிக்கவைப்பதற்கும், மீன் போட்ட புளிச்சூப்புக்குமே உபயோகிக்கிறார்கள். தோலைச் சீவி, விரல் நீளத்துக்குக் குச்சிகளாக நறுக்கி, பனிக்கட்டி போட்ட தண்ணீரில் கால் மணி நேரம் போட்டு வைத்தால், அறைகள் நீரை உறிஞ்சி விம்மி, முறுமுறுப்பு இரட்டிப்பாகும். காரமும் கொஞ்சம் தணியும். உப்பை முன்கூட்டித் தூவுவது பெருந்தவறு. உப்பு நீரை வெளியே இழுத்துக் காயைத் துவளவைத்துவிடும். பச்சடிக்குக் கடைசி நிமிஷத்தில் உப்பிடும் நம் வீட்டுப் பெண்கள் அறிந்த ரகசியமே இது. தின்கிறவர் தோய்க்கும்போதுதான் உப்பு சேர வேண்டும். அந்த உப்புக்குக் கெராந்து வரை போக வேண்டியதில்லை. மோன் மாநிலத்து உப்பளங்களின் கல்லுப்பை லேசாக நுணுக்கினால் போதும்.

வெண்ணெய்தான் சங்கடம். ஏப்ரல் மாதத்தில் பகல் வெப்பம் 37 பாகையைத் தொடும் ஊரில், மேசைக்கு வந்த வெண்ணெய் பேச்சு முடிவதற்குள் குளமாகிவிடும். பெரிய கிண்ணத்தில் பனிக்கட்டியை நொறுக்கி நிரப்பி, அதன்மேல் வெண்ணெய்க் கிண்ணத்தைப் பதித்து வைப்பது ஒரு வழி. பிரெஞ்சுச் சமையற்காரர் சிலர் கையாளும் இன்னொரு வழி இதைவிட அழகானது. வெண்ணெயை மெதுவான சூட்டில் முற்றிலும் உருகிவிடாமல் பாயசப் பதத்துக்கு இளக்கிக்கொண்டு, நன்றாகக் குளிரவைத்து ஈரம் துடைத்த முள்ளங்கியை அதிலே பாதியளவு முக்கி எடுத்து, குளிர்பெட்டியில் வைத்துவிட வேண்டியது. வெண்ணெய் ஒரு வெள்ளைச் சட்டையாக உறைந்து முள்ளங்கியோடு ஒட்டிக்கொள்ளும். ஈரம் இருந்தால் ஒட்டாது. பரிமாறும் நேரத்தில் நாலைந்து பரல் உப்பைத் தூவிக் கொண்டுவந்து வைத்தால் கிண்ணமே தேவையில்லை.

சுத்தத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் விடுவது தர்மமன்று. வேகவைப்பதால் அழியும் கிருமிகள் பச்சைக் காயில் அழிவதில்லை. வாந்திபேதியும் விஷஜுரமும் நம்மவரைப் பச்சைக் காயிலிருந்து விலக்கி வைத்ததில் நியாயம் இருந்தது. அக்காலத்தில் வெள்ளைக்காரத் துரைமார் வீடுகளில், சாலடுக்குரிய இலைகளைப் பொட்டாசியம் பெர்மாங்கனேட் கலந்த ஊதா நிறத் தண்ணீரில் அலசிய பிறகே மேசைக்கு அனுப்புவார்கள். இன்றைக்கும் விதி ஒன்றே: ஓடும் தண்ணீரில் மண் போகத் தேய்த்துக் கழுவுங்கள், கடைசி அலசலுக்கும் பனிக்கட்டிக்கும் கொதித்து ஆறிய தண்ணீரையே உபயோகியுங்கள், தோல் சீவக்கூடியதைச் சீவுங்கள். வல்லாரை போன்ற நீரோரக் கீரைகள் எந்த ஓடையில் வளர்ந்தன என்று தெரியாவிட்டால், ஒரு கொதி காட்டிவிடுவது உத்தமம். பர்மியரும் பாதித் தொஸயாவை அப்படித்தானே செய்கிறார்கள்.

மீன் தொடாதவர் ஙப்பிக்கு என்ன செய்வது என்ற கேள்வி எழலாம். பகான் பக்கத்தில் கொள்ளுப் பயற்றை வேகவைத்து, அந்தச் சாற்றைப் புளிக்கவைத்து, காய்ச்சிச் சுண்டவைத்துக் கரிய விழுதாகச் செய்கிறார்கள். 'பொன் யே ஜி' என்று பெயர். பௌத்தர்கள் மாமிசம் ஒழிக்கும் விரத நாட்களில் இது கைகொடுக்கும். கொள்ளு ரசம் வைக்கத் தெரிந்த நமக்கு அதன் வாசனை அந்நியமாகவே படாது. நல்லெண்ணெயும், அரிந்த வெங்காயமும், பச்சை மிளகாயும் போட்டுக் குழைத்தால் வெள்ளரிக்கும் முள்ளங்கிக்கும் அதைவிடப் பொருத்தமான துணையை நான் கண்டதில்லை. வெண்ணெய்க்கும் ஙப்பிக்கும் நடுவில் இதற்கு ஒரு கிண்ணம் ஒதுக்குங்கள் என்று சிபாரிசு செய்வேன். மூன்றில் எது உயர்ந்தது என்று வற்புறுத்திக் கேட்டால், முள்ளங்கிக்கு மட்டும் வெண்ணெய் என்றும், மாங்காய்க்கும் பயற்றங்காய்க்கும் ஙப்பியை எதனாலும் வெல்ல முடியாது என்றும் தீர்ப்புக் கூறுவேன்.

இதைச் செய்து பார்க்க விரும்புகிறவர்கள் காலம் பார்த்துச் செய்ய வேண்டும். முள்ளங்கி குளிர்காலத்துப் பயிர். கார்த்திகை முதல் தை வரையில் சந்தைக்கு வருவதே இனிப்பும் நீரும் உடையது. மாசிக்குப் பிறகு வெயில் ஏறியதும் கிழங்கு முற்றி நார் பாய்ந்துவிடும்; அப்புறம் அதைச் சாம்பாரில் போடுங்கள்.